கானர்ஸ்வில்லில் பிறந்த காற்று

செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை அமெரிக்காவில் தொழிலாளர் தினம். அதையொட்டி வரும் நீண்ட வாரக்கடைசியில் இண்டியானா மாநிலத்தில் இரண்டு கார் திருவிழாக்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. வடகிழக்கு மூலையிலுள்ள ஆபர்ன் என்ற சிற்றூரில் 1930-களின் ஆபர்ன், கார்ட், டூசன்பெர்க் கார்கள் ஊர்வலம் வரும். தலைநகர் இண்டியானாபொலிஸை ஒட்டிய ஓடுபாதையில், கார்கள் நேர்கோட்டில் சீறும் டிராக் பந்தயத்தின் தேசியப் போட்டி நடக்கும். முதலாவதில் மெருகேற்றிய குரோமியப் பூச்சையும் தோல் இருக்கைகளையும் பார்க்கலாம். இரண்டாவதில் காதை அடைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டு இடத்திலும் மக்கள் குனிந்து பார்ப்பது என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரைத்தான். அந்தக் கருவியின் மூல வடிவம் பிறந்த ஊரும் இதே மாநிலத்தில், இரண்டிலிருந்தும் சில மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது. இது தெரிந்ததும் நான் கிளம்பிவிட்டேன்.

கார் என் கல்லூரித் தோழனுடையது. டெட்ராய்ட் பக்கம் வாகனத் துறையில் பொறியாளனாக இருக்கிறான். 2003-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் எஸ்விடி கோப்ரா வைத்திருக்கிறான். ரசிகர்கள் ‘டெர்மினேட்டர்’ என்று செல்லமாக அழைக்கும் வண்டி அது. 4.6 லிட்டர், எட்டு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் அடித்து உருவாக்கிய ஃபோர்ஜிங் வகை. மேலே ஈட்டன் நிறுவனத்தின் எம்112 சூப்பர்சார்ஜர். ஆலையிலிருந்து வரும்போதே பூஸ்ட், அதாவது வளிமண்டலத்துக்கு மேலான அழுத்தம், 8 பிஎஸ்ஐ; 390 குதிரைத்திறன். இந்தக் காருக்கு இன்றும் மதிப்பு குறையாததற்குக் காரணம், ஃபோர்டின் பொறியாளர்கள் அதன் உள்ளுறுப்புகளைத் தேவைக்கு மேல் பலமாக வைத்துவிட்டுப் போனதுதான். அந்தப் பலத்தை நம்பித்தான் அத்தனை பேரும் சூப்பர்சார்ஜரின் புல்லியை மாற்றுகிறார்கள். என் தோழனும் அதற்குத்தான் புறப்பட்டிருந்தான். டிக்கியில் எலுமிச்சைச் சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் துணியில் சுற்றிய இரண்டு புல்லிகள் இருந்தன. ஒன்று 2.93 அங்குல விட்டம், இன்னொன்று 2.76. காரில் அப்போது இருந்த புல்லி 3.65 அங்குலம். ஊர் சுற்றி முடித்ததும் இண்டியானாபொலிஸ் பக்கம் ஒரு பட்டறையில் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

நம்மூரில் இப்போது டர்போ கார்கள் நிறைய ஓடுகின்றன. டர்போவைச் சுழற்றுவது வெளியேறும் புகை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது என்ஜினேதான், பெல்ட் மூலமாக. கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் பெரிய புல்லி, சூப்பர்சார்ஜரின் மூக்கில் சிறிய புல்லி. பெரியது ஒரு சுற்றுச் சுற்றினால் சிறியது இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் முன்பின்னாகச் சுற்றும். சிறியதை இன்னும் சிறியதாக்கினால் அதே என்ஜின் வேகத்தில் சூப்பர்சார்ஜர் கூடுதலாகச் சுழலும், கூடுதல் காற்றைத் தள்ளும். 3.65-ஐ 2.93-ஆல் வகுத்தால் 1.25-க்கு மிக அருகில் வரும். ஆக, கைக்குள் அடங்கும் ஓர் உலோகத் துண்டை மாற்றியதும் சுழற்சி வேகம் கால்பங்கு கூடிவிடுகிறது. 2.76 போட்டால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. செலவோ கார் விலையில் துளி. ஆசை வராமல் இருக்குமா?

டெட்ராய்ட்டிலிருந்து ஆபர்ன் சுமார் 240 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் சோயாவும்தான். இவ்வளவு சக்தியுள்ள கார் நெடுஞ்சாலையில் சாதுவாகப் போனது எனக்கு வியப்பாக இருந்தது. பூஸ்ட் முள் சுழிக்குக் கீழேயே நின்றது. ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதிக்கும்போது ஒரு பைபாஸ் வால்வு திறந்துகொள்கிறது, சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்று திரும்ப அதன் வாய்க்கே போய்விடுகிறது என்று தோழன் விளக்கினான். சரக்கு லாரி ஒன்றை முந்தும்போது மட்டும் மிதித்தான். வால்வு மூடியது. முன்னால் ஒரு சீறல் எழுந்தது, முள் எட்டைத் தொட்டது, என் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது.

அந்த எட்டு எங்கிருந்து வருகிறது என்பதைப் பயணத்தின்போதே காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். நான்கு வீச்சு என்ஜின் தன் முழுக் கொள்ளளவையும் இழுத்துக்கொள்ள இரண்டு சுற்று வேண்டும். ஆகவே 4.6 லிட்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு 2.3 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். எம்112 ஒரு சுற்றில் 112 கன அங்குலம், அதாவது 1.83 லிட்டர் தள்ளும். என்ஜின் ஒரு சுற்றுச் சுற்ற அது இரண்டு சுற்று என்று வைத்துக்கொண்டால் 3.66 லிட்டர். 2.3 லிட்டருக்கான இடத்தில் 3.66 லிட்டரை நுழைத்தால் அழுத்தம் 1.6 மடங்கு ஆக வேண்டும். வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதன் 1.6 மடங்கு 23.5. வளிமண்டலத்தைக் கழித்தால் முள் காட்ட வேண்டியது 8.8. இடைவெளிகளில் கசிவது கொஞ்சம் போக ஃபோர்டு சொல்லும் எட்டு கிடைக்கிறது. பள்ளிக்கூடக் கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தி வருவதைப் பார்ப்பதில் எனக்கு அலாதி மகிழ்ச்சி. ஆனால் இந்தக் கணக்கில் வெப்பத்துக்கு இடமே தரவில்லை என்பதைப் பட்டறையில்தான் முழுதாக உணர்ந்தோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆபர்னில் கார் நிறுவனத்தின் பழைய தலைமையகமே இப்போது அருங்காட்சியகம். 1930-இல் கட்டிய ஆர்ட் டெகோ கட்டடம். கார்களை அன்று விற்பனைக்கு நிறுத்தியிருந்த கூடத்தில் இன்றும் அதே கார்கள் நிற்கின்றன. நான் தேடிப் போனது 1935-ஆம் ஆண்டின் ஆபர்ன் 851 ஸ்பீட்ஸ்டர். படகின் பின்புறம்போலக் கூர்ந்து முடியும் வால். பக்கவாட்டில் வெளியே வளைந்து இறங்கும் வெள்ளி நிறப் புகைக்குழாய்கள். ஒவ்வொரு ஸ்பீட்ஸ்டரின் டேஷ்போர்டிலும் ஒரு சிறு தகடு இருக்கிறது: இந்தக் கார் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தாண்டி ஓட்டிப் பார்க்கப்பட்டது என்று பந்தய வீரர் ஆப் ஜென்கின்ஸின் கையொப்பத்தோடு. விலை 2,245 டாலர்.

விவரப் பலகையைப் படித்த தோழன் என் தோளைத் தட்டினான். “கொள்ளளவைப் பாருடா.” 280 கன அங்குலம். 4.6 லிட்டர். வெளியே நிறுத்திவிட்டு வந்த எங்கள் காரின் அதே அளவு. ஸ்பீட்ஸ்டரும் எட்டு சிலிண்டர்தான், ஆனால் ஒரே வரிசையில். சூப்பர்சார்ஜர் இல்லாமல் 115 குதிரைத்திறன், இருந்தால் 150. அந்த சூப்பர்சார்ஜர் மின்விசிறிபோல் இதழ்கள் கொண்ட மையவிலக்கு வகை. அது பலனளிக்கப் படுவேகமாகச் சுழல வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டைவிட ஆறு மடங்கு வேகத்தில் அதைச் சுழற்றினார்கள். 1935-இன் பெல்ட்டும் புல்லியும் இதற்குத் தாங்காது, அதனால் உள்ளே ஒரு கோள்சக்கர அமைப்பு. புல்லியைக் கழற்றி மாட்டி விகிதத்தை மாற்றும் வாய்ப்பு அந்தக் கார்க்காரருக்குக் கிடையாது. ஆலை தந்த விகிதம்தான் கடைசிவரை.

150 எங்கே, 390 எங்கே. அறுபத்தெட்டு ஆண்டுகளில் எரிபொருளின் தரம், வால்வுகளின் எண்ணிக்கை, தீப்பொறியைக் கணினி ஆளும் நுட்பம் எல்லாம் கூடி வந்ததன் பலன் அந்த வித்தியாசம். காற்றை அமுக்கும் வேலை 1935-லேயே தெரிந்திருந்தது. அமுக்கிய காற்றை வெடித்துச் சிதறாமல் எரிக்கத்தான் நாளாயிற்று.

சனிக்கிழமை ஊர்வலத்தில் டூசன்பெர்க்குகள் நீதிமன்றச் சதுக்கத்தைச் சுற்றி வந்தன. 1932-இல் வந்த எஸ்ஜே மாடலுக்கு 320 குதிரைத்திறன். அன்றைய அமெரிக்காவில் சாலைக்கு வந்த கார்களில் அதற்கு ஈடு இல்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முதியவர்கள் ஒவ்வொரு காரின் வரலாற்றையும் பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் கோப்ராவைப் பார்த்த ஒருவர் எழுந்து வந்து பானட்டைத் திறக்கச் சொன்னார். ஈட்டனின் உறையில் கைவைத்துவிட்டு, “கானர்ஸ்வில் போய்விட்டு வாருங்கள்” என்றார். அங்கேதான் போகிறோம் என்றதும் முகம் மலர்ந்தது.

கானர்ஸ்வில் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், வைட்வாட்டர் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை போய்ச் சேர்ந்தோம். சுற்றுலா ஊர் என்று சொல்ல முடியாது. மெட்டமோரா என்ற பழைய கால்வாய்க் கிராமத்துக்குப் போகும் சுற்றுலா ரயிலுக்காகச் சிலர் வருகிறார்கள். மற்றபடி அகலமான தெருக்கள், செங்கல் கட்டடங்கள், மூடிய ஆலைகளின் நீண்ட சுவர்கள். எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஏன் இத்தனை பேர் இதைக் கடந்து போய்விடுகிறார்கள் என்று ஆதங்கமாகவும் இருந்தது.

ஃபிலாண்டர் ரூட்ஸ், பிரான்சிஸ் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் இங்கே கம்பளி ஆலை நடத்தினார்கள். ஆலையை ஓட்டியது நீர்ச்சக்தி. தண்ணீர்ச் சக்கரத்தைவிடச் சிக்கனமான ஒன்றைச் செய்ய நினைத்து, ஓர் உறைக்குள் ஒன்றையொன்று தழுவிச் சுழலும் இரண்டு மரச் சுழலிகளை அமைத்தார்கள். நீர் பட்டதும் மரம் ஊதி இறுகி நின்றுவிட்டது. பழுது பார்த்து, தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுழற்றிச் சோதித்தபோது மறுமுனையில் காற்று பீறிட்டு வந்ததாம். பக்கத்தில் நின்ற வார்ப்படச்சாலைக்காரரின் தொப்பி பறந்ததாகவும், இது என் உலைக்குத் துருத்தியாக ஆகும் என்று அவர் சொன்னதாகவும் கதை வழங்குகிறது. தொப்பி பறந்ததோ இல்லையோ, 1860-இல் சகோதரர்கள் காப்புரிமை பெற்றார்கள். அதன்பின் இரும்பு உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று தந்தவை ரூட்ஸ் ஊதிகள். 1870-இல் நியூயார்க்கின் பிராட்வே தெருவுக்கு அடியில் ஆல்ஃபிரட் பீச் என்பவர், குழாய்க்குள் ரயில் பெட்டியைக் காற்றால் தள்ளிக் காட்டினார். அந்தக் காற்றைத் தந்ததும் ரூட்ஸ் ஊதியே.

கார் உலகில் இந்த ஊதி நுழைய இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1921 பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் நிறுவனம் ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களை விற்பனைக்கு வைத்தது. எங்கள் காரிலுள்ள ஈட்டனும் அதே குடும்பம்தான். மரத்துக்குப் பதில் அலுமினியம், நேராக இருந்த சுழலி இப்போது மூன்று மடல்களோடு முறுக்கியிருக்கும், அவ்வளவே. அதன் குணமும் மாறவில்லை. ரூட்ஸ் வகை தன் உறைக்குள் காற்றை அமுக்குவதில்லை. மடல்களுக்கும் சுவருக்கும் இடையில் காற்றை அள்ளி மறுபக்கம் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அங்கே ஏற்கெனவே நெருக்கியடித்து நிற்கும் காற்று, புதிதாக வந்த காற்றின் மேல் பின்னோக்கிப் பாயும்போதுதான் அமுக்கம் நிகழ்கிறது. உலைக்குத் துருத்தியாக இருந்தவரை இதில் குறை இல்லை. என்ஜினில் அந்தப் பின்பாய்ச்சல் வீண் வெப்பமாகிறது.

ஊரின் இன்னொரு பெருமை கார்ட். லெக்ஸிங்டன், மெக்ஃபார்லன் போன்ற கார்கள் ஒருகாலத்தில் இங்கே தயாராயின. லெக்ஸிங்டனை வாங்கிய இ. எல். கார்ட் தன் உற்பத்தியை இங்கே பெருக்கினார். கோர்டன் பியூரிக் வடிவமைத்த கார்ட் 810-உம் 812-உம் கானர்ஸ்வில்லில்தான் உருவாயின. 1937-இல் 812-க்குச் சூப்பர்சார்ஜர் வந்தபோது 170 குதிரைத்திறன். அதே ஆண்டு ஆப் ஜென்கின்ஸ் ஒரு 812-ஐ இண்டியானாபொலிஸ் பந்தயப் பாதையில் 24 மணி நேரம் ஓட்டி, சராசரியாக மணிக்கு 80 மைலை நெருங்கினார். அதே ஆண்டில்தான் உற்பத்தியும் நின்றது. காற்றை ஊதும் கருவி பிறந்த ஊரிலேயே அமெரிக்காவின் மிக அழகான சூப்பர்சார்ஜர் காரும் உருவானது தற்செயல்தான், ஆனால் அந்தத் தெருவில் நின்று நினைக்கும்போது தற்செயலாகத் தோன்றவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது இங்கே ஜீப் உடல்கள் செய்தார்கள். பிறகு சமையலறைச் சாதனங்கள். 2007-இல் ஊரின் பெரிய உதிரிபாக ஆலை மூடப்பட்டது.

லெக்ஸிங்டன் பற்றி இன்னொன்று. 1920-லும் 1924-லும் கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தில் வென்ற கார் அது. 4,302 மீட்டர் உயரச் சிகரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். எங்கள் கார் அங்கே போனால் என்ன காட்டும் என்று ஆற்றங்கரையில் எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டபடி கணக்குப் போட்டோம். சூப்பர்சார்ஜர் கிடைத்ததைப் பெருக்கித் தரும், இல்லாததைத் தராது. உள்ளே 8.8 பிஎஸ்ஐ போனால் வெளியே 13.6 வரும். முள் ஐந்துக்குக் கீழே நிற்கும். சூப்பர்சார்ஜர் முழுமூச்சாக வேலை செய்தும், கடற்கரையில் சும்மா கிடைக்கும் காற்றின் அடர்த்திகூடக் கிடைக்காது. டென்வர் பக்கம் 5,800 அடி உயரத்தில் இருந்த பேண்டிமியர் ஓடுபாதைக்குப் போகும்போதெல்லாம் டிராக் பந்தயக் குழுக்கள் ஊதியின் விகிதத்தைக் கூட்டியது இதனால்தான். 2023-இல் அந்தப் பாதை மூடப்பட்டது.

கானர்ஸ்வில்லிலிருந்து இண்டியானாபொலிஸ் சுமார் 100 கிலோமீட்டர். 500 மைல் பந்தயப் பாதையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது 1924-ஆம் ஆண்டின் கதை மட்டும். அந்த ஆண்டு டூசன்பெர்க் சகோதரர்களின் கார் மையவிலக்குச் சூப்பர்சார்ஜரோடு வென்றது. இண்டி 500-ஐ சூப்பர்சார்ஜர் வென்றது அதுவே முதல் முறை. கோரம் என்ற வீரர் ஓட்டத் தொடங்கிய காரை ஜோ பாயர் இடையில் ஏற்று ஓட்டி முடித்தார். இருவரும் வெற்றியாளர்கள்.

திங்கட்கிழமை டிராக் பந்தய இறுதி. 1961 முதல் இந்தத் தேசியப் போட்டி இங்கேதான் நடக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் குழுக்களின் கூடாரத்தருகே போய் நிற்கலாம் என்பது இந்த விளையாட்டின் பெருந்தன்மை. டாப் ஃப்யூயல் என்ற பிரிவில் ஓடும் காரின் என்ஜின் 500 கன அங்குலம், அதாவது 8.2 லிட்டர். நைட்ரோமீத்தேன் எரிபொருள். மேலே கானர்ஸ்வில் சகோதரர்களின் பேரனுக்குப் பேரன்போல ஒரு பிரம்மாண்ட ரூட்ஸ் ஊதி. அதைச் சுழற்றுவதற்கு மட்டுமே பல நூறு குதிரைத்திறன் செலவாகிறது. சாதாரண பெல்ட் அங்கே நொடியில் கருகிவிடும், ஆகவே உள்ளங்கை அகலத்துக்குமேல் பற்கள் வைத்த பெல்ட். புல்லிக்கும் பற்கள். ஒவ்வொரு பந்தயச் சுற்றுக்கும் இடையில் என்ஜினைப் பிரித்துக் கோப்பார்கள். அந்த அமளிக்கு நடுவே குழுத்தலைவர் வானிலைக் கருவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த நிமிடத்துக் காற்று எவ்வளவு கனமானது என்று சொல்லும். அதற்கேற்ப எரிபொருளும் கிளட்சும் மாறும், தேவைப்பட்டால் புல்லியும் மாறும். அவர் பூஸ்ட் எவ்வளவு என்று யாரையும் கேட்கவில்லை. காற்றின் எடையைத்தான் கேட்டார்.

இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் புறப்பட்டபோது நெஞ்சுக்கூட்டில் அடி விழுந்தது. 1,000 அடியை நான்கு நொடிக்குள் முடித்துவிட்டன.

செவ்வாய்க்கிழமை பட்டறை. நகரத்துக்கு மேற்கே, பந்தயக் குழுக்களின் பணிமனைகள் நிறைந்த பகுதியில் இருந்தது. என்ஜினைச் சீரமைத்துத் தரும் ட்யூனர் ஐம்பதைத் தாண்டியவர், குறைவாகப் பேசுபவர். தோழன் புல்லிகளை மேசைமேல் வைத்தான். அவர் அவற்றைத் தொடவில்லை. முதலில் காரை, சக்கரத்தின் சக்தியை அளக்கும் டைனோ உருளைகள் மேல் ஏற்றிக் கட்டினார். நான்காவது கியரில், இப்போதுள்ள நிலையில் என்ன என்று அளந்தார். சக்கரத்தில் 365-ஐ ஒட்டிய குதிரைத்திறன். பிறகு கழற்றத் தொடங்கியது ஸ்பார்க் பிளக்குகளை. ஒவ்வொன்றின் நுனியையும் விளக்கில் பார்த்தார். எங்காவது அலுமினியத் துகள் ஒட்டியிருந்தால் உள்ளே நாக்கிங், அதாவது எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது, நடந்திருக்கிறது என்று பொருளாம். சுத்தமாக இருந்தன. வெப்பத்தைச் சீக்கிரம் கடத்திவிடும் ஒருபடி குளிர்ந்த பிளக்குகளைப் போட்டு, நுனி இடைவெளியையும் குறைத்தார். அழுத்தம் கூடிய காற்றில் தீப்பொறி தாண்டுவது கடினம். அடுத்து எரிபொருள் பம்பின் மின்னழுத்தம், இன்ஜெக்டர்கள் எவ்வளவு நேரம் திறந்திருக்கின்றன, பெல்ட் டென்ஷனரின் இறுக்கம். பிறகு காரின் முன்னால் இருக்கும், அமுக்கிய காற்றை ஆற்றும் இன்டர்கூலரின் ரேடியேட்டரை எடுத்துவிட்டு, தோழன் வாங்கி வைத்திருந்த பெரியதைப் பொருத்தினார். அரை நாள் போயிற்று. புல்லிகள் மேசையிலேயே இருந்தன.

மதியத்துக்குமேல் புல்லரைப் போட்டுப் பழைய புல்லியை இழுத்தெடுத்தார். அழுத்திப் பொருத்திய புல்லி அது, சுத்தியலால் தட்டினால் சூப்பர்சார்ஜரின் தாங்கி போய்விடும். 2.93 ஏறியது, சற்றுக் குட்டையான பெல்ட்டோடு. பம்ப்பில் கிடைக்கும் பெட்ரோலிலேயே உயர்ந்த ரகம் டாங்கில் இருந்தது. அமெரிக்கக் கணக்கில் 93 ஆக்டேன், நம்மூர்க் கணக்கில் அது 98-ஐ ஒட்டி வரும். முதல் ஓட்டத்தில் டைமிங் எனும் தீப்பொறி நேரத்தைச் சில டிகிரி பின்னுக்குத் தள்ளி, எரிபொருளைத் தாராளமாகவே கொடுத்தார். புகைக்குழாயில் செருகிய உணரி, காற்றுக்கும் பெட்ரோலுக்குமான விகிதத்தை எண்ணாகக் காட்டியது. முழு மிதியில் 11.5-ஐச் சுற்றி அது நிற்கும்வரை அவர் டைமிங்கின் பக்கம் போகவில்லை. அதன்பின் ஒவ்வொரு டிகிரியாக முன்னுக்குக் கொண்டுவந்தார். சக்தி ஏறுவது நின்றதும் ஒரு டிகிரி பின்வாங்கி அங்கேயே நிறுத்தினார். முள் 12.5 பிஎஸ்ஐ. சக்கரத்தில் 430-க்குமேல்.

தோழன் கையைத் தட்டிவிட்டான். ட்யூனர் காரை ஆறவிடாமல் உடனே இன்னொரு ஓட்டம் எடுத்தார். அதே 12.5 பிஎஸ்ஐ. ஆனால் சக்தி பத்துக் குதிரைத்திறனுக்குமேல் குறைந்திருந்தது. திரையில் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலைக் கோட்டைச் சுட்டிக் காட்டினார். முதல் ஓட்டத்தைவிட அது உயரத்தில் இருந்தது. பூஸ்ட் ஒன்றுதான், காற்று ஒன்றல்ல. சூடான காற்று விரிந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது, முள்ளைத் தள்ளுகிறது, எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனோ குறைவு. 27 டிகிரிக் காற்றை ரூட்ஸ் வகை 8 பிஎஸ்ஐக்கு அமுக்கினால் இன்டர்கூலருக்கு முன் நூறு டிகிரியை ஒட்டி இருக்கும் என்று கணக்குச் சொல்கிறது. 12.5-க்கு அமுக்கினால் 140. இவ்வளவையும் ஆற்ற வேண்டிய பொறுப்பு இன்டர்கூலரில் ஓடும் தண்ணீருக்கு.

அவர் சொன்ன இன்னொன்றும் என் மனதில் பதிந்தது. பூஸ்ட் முள் காட்டுவது என்ஜின் விழுங்கிய காற்றை அல்ல, விழுங்க முடியாமல் வாசலில் நெருக்கும் காற்றை. நல்ல புகைக்குழாய் போட்டால் என்ஜின் இலகுவாக மூச்சு விடும். வாசலில் நெருக்கடி குறையும். முள் ஒரு பிஎஸ்ஐ இறங்கும், சக்தி ஏறும். பலர் முள் இறங்கியதைப் பார்த்துக் கலங்கி, இன்னும் சின்னப் புல்லி வாங்குகிறார்களாம்.

2.76-ஐப் போட்டுப் பார்க்கலாமா என்று தோழன் கேட்டான். ட்யூனர் மறுக்கவில்லை, காரணங்களை வரிசையாகச் சொன்னார். புல்லி சிறுக்கச் சிறுக்க பெல்ட் அதைத் தழுவும் பரப்பு குறைந்து வழுக்கும். எம்112 தன் நல்ல வேகத்தைத் தாண்டிவிடும், அதன்பின் ஒவ்வொரு கூடுதல் சுற்றும் காற்றைவிட வெப்பத்தைத்தான் அதிகம் தரும். இந்தப் பெட்ரோலில் அந்த வெப்பத்துக்கு டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளியே ஆக வேண்டும், தள்ளினால் கிடைத்தது போய்விடும். சாலையில் ஓட்டும் காருக்கு வேண்டாம் என்பது அவர் முடிவு. என் தோழன் பொறியாளன். கணக்கைக் கேட்டு அடங்கினான். அந்தப் புல்லி திரும்ப டிக்கிக்குப் போனது, இப்போது விற்பனைக்கு இருக்கிறது.

சூப்பர்சார்ஜரோ டர்போவோ, பூஸ்ட் கூட்ட நினைக்கும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. காற்று-எரிபொருள் விகிதம் காட்டும் மீட்டரை முதலில் வாங்குங்கள். பிறகு பிளக், எரிபொருள் பம்ப், குளிர்விப்பு என்று பணத்தைச் செலவிடுங்கள். புல்லியையோ டர்போ அழுத்தத்தையோ கடைசியில் தொடுங்கள், அதையும் டைனோ உள்ள இடத்தில், சூடான இரண்டாவது ஓட்டத்தையும் எடுத்துக்காட்டும் ஆளிடம் செய்யுங்கள். இண்டியானா பக்கம் போகிறவர்கள் பந்தயப் பாதைக்கும் அருங்காட்சியகத்துக்கும் கட்டாயம் போவார்கள். கானர்ஸ்வில்லுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள்.